ஒலி அளவு முப்பத்து நான்கு

மூன்றாவது முறை அழுத்தியபோதும் அவர் திரும்பவில்லை.

ஜன்னல் வழியே கணவருடைய பின்னந்தலை தெரிந்தது. மேசையில் ஒரு பழைய பூட்டைப் பிரித்துப் போட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அவள் சொந்த வீட்டு வாசலில், சாவி இடுப்பில் இருக்க, அழைப்பு மணியை அழுத்திக்கொண்டு நின்றாள். இன்னொரு கையில் போன். திரையில் மணியோசைகளின் பட்டியல். குயில், நீர்த்துளி, வெள்ளி மணி மூன்றும் போயிற்று. விரலால் கீழே தள்ளி ‘கப்பல் ஊதல்’ என்பதைத் தொட்டாள். அழுத்தினாள்.

கட்டிடமே ஒருமுறை தொண்டையைக் கனைத்துக்கொண்டது போலிருந்தது.

“யாரது?” என்று அவர் எழுந்தார்.

எதிர்வீட்டுக் கதவும் திறந்தது. எதிர்வீட்டம்மா பல் துலக்கும் பிரஷ்ஷோடு எட்டிப் பார்த்தார்.

“சாவியைத் தொலைச்சிட்டீங்களா?”

“சாவி இருக்கு.”

“அப்புறம் எதுக்கு வீட்டுக்காரரைக் கூப்பிடறீங்க?”

“மணி வேலை செய்யுதான்னு பாக்கறேன்.”

“செத்தவன் எந்திரிச்சு வருவான். போதுமா?”

போதும். அவள் போனில் நான்கு என்று குறித்துக்கொண்டாள். முதல் மூன்றும் மெல்லிய ஓசைகள், நான்காவது தடித்தது. கணவர் கதவைத் திறந்து, “நீதானா? பூனை மாதிரி வந்து நிக்கற” என்றார். ஊதல் அவர் காதில் பூனையாகத்தான் விழுந்திருக்கிறது.

அந்தக் கட்டிடத்தில் அவளைச் சார்ஜர் அக்கா என்று சொன்னால்தான் தெரியும். அவள் கைப்பையில் எல்லா வாய்க்கும் பொருந்தும் கேபிள் இருக்கும். நான்காம் மாடிப் பெரியவர் போன் கறுத்துப்போனால் முதலில் இங்கே வருவார், பிறகுதான் மகனிடம் போவார். புதிதாக ஒரு சாமான் சந்தைக்கு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டால் அவளுக்குக் கை துறுதுறுக்கும். ஆனால் பெரும்பாலும் பிறர் கழித்துப் போட்டதைத்தான் கேட்டு வாங்குவாள். விரிசல் விட்ட டேப்லெட் சமையலறைச் சுவரில் கடிகாரம். உப்பிப்போன பேட்டரி அகற்றப்பட்ட ஒரு போன், வயரிலேயே உயிர் வைத்துக்கொண்டு, பால்கனிச் செடிகளைப் படமெடுத்துக்கொண்டிருந்தது. குளிர்சாதனப் பெட்டியின் மேல் தீப்பெட்டி அளவில் ஒரு கணினி. அதற்கு அவள் வைத்த பெயர் ‘பெட்டி’. வீட்டில் எந்த விளக்கு எப்போது எரிந்தது, துணி இயந்திரம் எத்தனை தடவை சுற்றியது, டிவி எவ்வளவு சத்தமாக ஓடியது என்று எல்லாவற்றையும் பெட்டி எழுதி வைக்கும்.

“நம்ம வீட்ல சார்ஜ் போடாம ஓடறது நான் ஒருத்தன்தான்” என்பார் கணவர்.

அவள் தொழில் பல் செய்வது. டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, பல் வரிசையை ஒவ்வொன்றாக நட்டு, வேகவைத்து, தேய்த்து, மெருகேற்றி அனுப்புவாள். இருபத்திரண்டு வருடம். அச்சைப் பார்த்தே ஆள் இடதுபக்கம் மெல்லுகிறவரா, தூக்கத்தில் பல்லைக் கடிப்பவரா என்று சொல்லிவிடுவாள். மெழுகு சீவும் அதே மெல்லிய கத்தியால்தான் போன்களையும் திறப்பாள். பட்டறை முதலாளியம்மா ஒருமுறை, “அந்தக் கத்தியை வச்சு இன்னும் என்னென்ன பண்ணுவ?” என்று கேட்டதற்கு, “ரொட்டிக்கு வெண்ணெய் மட்டும் தடவறதில்ல” என்றாள்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். நகரத்தில் பாதிக் கட்டிடங்களின் உச்சியில் உள்ள இயந்திர அறைகள் அவருக்குத் தெரியும். நீளமான திருப்புளி ஒன்றை வைத்திருப்பார். அதன் முனையை ஓடும் மோட்டாரின் மேல் ஊன்றி, பிடியைக் காதோரம் அழுத்தி, கண்ணை மூடிக்கொள்வார். உள்ளே எந்த பேரிங் தேய்கிறது, எந்த பிரேக் உரசுகிறது என்று இயந்திரம் வாக்குமூலம் கொடுத்துவிடும். அவருக்குப் பாம்புக் காது என்று கம்பெனியில் பேச்சு. அவரே அதை வாரத்துக்கு ஒருமுறை ஞாபகப்படுத்துவார். பார்வையிட்ட லிஃப்டுக்கு அவர் போடும் கையெழுத்தை நம்பித்தான் மேலதிகாரி கோப்பை மூடுவார்.

அந்தக் காதைப் பற்றித்தான் பெட்டி அவளிடம் கோள் சொன்னது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பெட்டியில் இடம் நிரம்பிவிட்டது என்று பழைய பதிவுகளை அழித்துக்கொண்டிருந்தாள். அழிப்பதற்கு முன்னால் ஒரு தடவை பார்ப்போமே என்று டிவியின் பதிவைக் கோடாக வரையச் சொன்னாள். இரண்டு வருடத்துக்கு முன் பதினேழு. அந்த வருடக் கடைசியில் இருபத்திரண்டு. பிறகு திடீரென ஒரு படி ஏறி இருபத்தெட்டு. போன வாரம் முப்பத்து நான்கு. டிவியின் ஸ்பீக்கர் போய்விட்டதோ என்று முதலில் நினைத்தாள். பிறகு செவ்வாய்க்கிழமைகளைக் கவனித்தாள். செவ்வாய் மாலைகளில் அவருக்கு வேலை. அவள் மட்டும் வீட்டில். எல்லாச் செவ்வாயும் பதினேழு.

டிவிக்கு ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகு மற்றவையும் வரிசையாக நினைவுக்கு வந்தன. வெளியூரில் படிக்கும் மகள் போன் செய்தால் இரண்டே நிமிடத்தில், “அம்மாகிட்ட பேசு” என்று கொடுத்துவிடுகிறார். மகளுக்குக் கீச்சுக் குரல். கெட்டில் விசிலடித்து ஓய்ந்த பிறகும் “தண்ணி இன்னும் கொதிக்கலையா?” என்கிறார். எல்லாவற்றையும்விட, முன்பைவிட அதிகமாகப் பேசுகிறார். சாப்பிட உட்கார்ந்தால் எழும்வரை அவர் குரல்தான். பேசிக்கொண்டே இருப்பவன் கேட்க வேண்டியதில்லை.

அன்றைக்கே சொல்லிப் பார்த்தாள்.

“ஏங்க, ஒரு தடவை காதைக் காட்டிட்டு வரலாமா?”

“எதுக்கு?”

“சும்மாதான்.”

“சும்மா காட்டறதுக்கு அது என்ன கல்யாண ஆல்பமா? என் காதைப் பத்தி ஊர்ல விசாரிச்சுப் பாரு.”

கெஞ்சி, கொஞ்சம் அழுது, ஒரு மாதம் கழித்துக் காது டாக்டரம்மாவைப் பார்க்க ஒரு தேதிக்குச் சம்மதிக்க வைத்தாள். ஒரு மாதம் சும்மா இருக்க அவளால் முடியுமா? வீட்டில் இத்தனை சாமான்கள் இருக்க, ஒரு மனிதனுக்குக் கேட்க வைக்க முடியாதா? காதும் காதும் வைத்தாற்போல வேலையை ஆரம்பித்தாள். முதலில் மணி. பிறகு பேசும் ஸ்பீக்கரின் பெண் குரலை எடுத்துவிட்டு, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற ஆண் குரலை வைத்தாள். டிவியில் பேச்சை மட்டும் தூக்கிக் கொடுக்கும் அமைப்பு ஒன்று ஏழு திரைகளுக்கு அடியில் ஒளிந்திருந்தது, அதைத் தேடிப் பிடித்தாள். விசில் கெட்டில் அலமாரிக்குப் போயிற்று. கொதித்தால் தானே அணைந்து சமையலறை விளக்கைச் சிமிட்டும் கெட்டில் வந்தது. துணி இயந்திரம் முடிந்தால் கூடத்து விளக்கு ஆரஞ்சு நிறமாகும்.

“உங்க வீட்ல தீப்பிடிச்ச மாதிரி தெரியுதே” என்றார் எதிர்வீட்டம்மா.

“துணி துவைச்சாச்சுன்னு அர்த்தம்.”

“எங்க வீட்ல துவைச்சு முடிச்சா எனக்கு இடுப்பு வலிக்கும். அதுதான் அடையாளம்.”

எல்லாம் பிரமாதமாக வேலை செய்தது. அதுதான் வினை. மணியடித்தால் அவர் எழுந்தார். செய்தி கேட்டார், சிரிப்புக் காட்சிக்குச் சரியான இடத்தில் சிரித்தார். டிவியின் கோடு இருபதுக்கு இறங்கியது. அவள் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டாள். பட்டறையில் ஒரு சிக்கலான பல் செட் முதல் தடவையிலேயே வாயில் பொருந்திவிட்டது என்று செய்தி வரும்போது நெஞ்சில் ஒரு குளிர்ச்சி பரவுமே, அது தினமும் வீட்டிலேயே கிடைத்தது.

தேதிக்கு இரண்டு நாள் முன்னால் அவர் சொன்னார். “பாத்தியா? நடுவுல கொஞ்சம் சளி. அவ்வளவுதான். இப்போ எல்லாம் தெளிவாக் கேக்குது. அந்த டாக்டரம்மாவுக்கு வரலைன்னு சொல்லிடு.”

அவள் போனை எடுத்து, வரவில்லை என்று செய்தி அனுப்பினாள். மனம் உறுத்தத்தான் செய்தது. ஆனால் வருத்தமாக இருந்தது என்று சொன்னால் பொய். தன் கைவேலை இவ்வளவு நன்றாக இருக்கிறதே என்றுதான் இருந்தது.

நான்கு மாதம் இப்படிப் போயிற்று.

ஒரு மதியம் பட்டறைக்குக் கணவரோடு வேலை பார்ப்பவர் வந்தார். அவர் சட்டையில் எப்போதும் கறை இருப்பதால் கம்பெனியில் அவருக்கு கிரீஸ் என்று பெயர், அவள் வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது. கதவருகே நின்று பிளாஸ்டர் பற்களைப் பார்த்து, “எல்லாரும் சிரிக்கறாங்க, நான்தான் சிரிக்க முடியாம வந்திருக்கேன் அக்கா” என்றார்.

அவள் மெருகேற்றும் மோட்டாரை நிறுத்தினாள்.

“அண்ணனுக்கு ஏதாவது ஆச்சா?”

“ஆகலை. ஆகறதுக்கு முன்னாடிதான் வந்தேன்.” ஸ்டூலில் உட்கார்ந்தார். “ஆத்தங்கரையோரம் பதினோரு மாடிக் கட்டிடம் ஒண்ணு இருக்கு. மோட்டார் பேரிங் கீச்சுகீச்சுன்னு கத்துது. கீழ நிக்கற வாட்ச்மேனுக்குக்கூடக் கேக்குது. அண்ணன் திருப்புளியை வச்சாரு, கண்ணை மூடினாரு, ‘சுத்தமா இருக்குடா’ன்னு கையெழுத்துப் போட்டுட்டாரு. மறுநாள் நான் தனியாப் போய் மாத்திட்டு வந்தேன். அவருக்குத் தெரியாது.”

“ஒரு தடவையா?”

“மூணு தடவை. என்னால இனிமே மறைக்க முடியாது அக்கா. நான் லீவு போட்ட அன்னிக்கு இப்படி ஒண்ணு நடந்தா? லிஃப்ட்ல ஆளுங்க போறாங்க. மேல சொன்னா அண்ணனை உடனே குடோனுக்கு மாத்திடுவாங்க. அங்க போய் நட்டு எண்ணிக்கிட்டு இருந்தாருன்னா ஆறு மாசம் தாங்க மாட்டாரு.” தலையைச் சொறிந்தார். “வீட்லயும் இப்படித்தானா? நீங்க கவனிச்சதே இல்லையா?”

“வீட்ல நல்லாத்தான் கேக்கு…” என்று ஆரம்பித்தவள் அப்படியே நிறுத்தினாள்.

கையில் ஒரு மேல்தாடைப் பல் செட் இருந்தது. அதை மேசையில் வைத்தாள். வீட்டில் நன்றாகக் கேட்கிறது. வீட்டில் மட்டும் நன்றாகக் கேட்கிறது. பதினோராவது மாடி மோட்டாருக்கு அவளால் கப்பல் ஊதல் வைக்க முடியாது. அவர் காதுக்கு வைத்தியம் பார்ப்பதாக நினைத்து, அவருக்குக் காது கேட்கவில்லை என்கிற ஒரே சாட்சியையும் அவளே வாயடைத்து வைத்திருக்கிறாள்.

“எனக்கு நாலு நாள் குடு” என்றாள் கிரீஸிடம். “அதுவரைக்கும் ரெண்டு பேரும் சேர்ந்தே போங்க.”

சனிக்கிழமை அவர் முடிவெட்டப் போயிருந்தபோது அவள் ஒவ்வொன்றாகத் திறந்தாள். பழைய அமைப்புக்குத் திரும்பவா? ஒவ்வொரு சாமானும் அதே கேள்வியைக் கேட்டது. ஆம். உறுதியாகவா? ஆம். மணியில் குயில் வந்தது. ஸ்பீக்கரில் பெண் குரல் வந்தது. ஆரஞ்சு விளக்கு வெள்ளையாயிற்று. விசில் கெட்டிலை அலமாரியிலிருந்து எடுத்துத் துடைத்து அடுப்பில் வைத்தாள். ஒன்றைச் சரிசெய்வதில் இருக்கும் சுகத்தில் கால்வாசிகூட இதில் இல்லை.

அவர் வந்து, செய்தித்தாளோடு உட்கார்ந்தார். எதிர்வீட்டம்மா வாங்கிப்போன ஏணியைத் திருப்பிக் கொடுக்க வந்து மணியடித்தார். குயில் கூவியது. மறுபடி கூவியது. அவர் பக்கத்தைத் திருப்பினார். கெட்டில் விசிலடித்தது. பக்கத்தில்தான் அடுப்பு. அவள் சமையலறை வாசலில் நின்று அவரைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள். விசில் உச்சத்துக்குப் போய், ஆவி ஜன்னலை மறைத்தது.

அவர் தலையைத் தூக்கினார். “இன்னிக்கு வீடு என்ன இவ்வளவு அமைதியா இருக்கு?”

அவள் போய் அடுப்பை அணைத்தாள். கதவைத் திறந்து ஏணியை வாங்கி வைத்தாள். பிறகு அவர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு, முகம் தெரிகிறாற்போல் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். மணி, குரல், விளக்கு, டிவி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை. கிரீஸைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

அவர் முகம் சிவந்தது. “நாலு மாசமா என்னை வச்சு சோதனை பண்ணினியா? நான் என்ன உன் பழைய போனா?”

“சோதனை இல்லைங்க. உங்களுக்குக் கேக்கணும்னுதான்…”

“கேக்கலைன்னு சொல்லியிருக்கணும்!”

“சொன்னேன். கல்யாண ஆல்பமான்னு கேட்டீங்க.”

அவர் எழுந்து பால்கனிக்குப் போனார். செடிகளைப் படமெடுக்கும் போனைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார்.

இரண்டு நாள் பேசவில்லை. ஓயாமல் பேசிய மனிதர். சாப்பாட்டு மேசையில் கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது, அதுவும் அவளுக்கு மட்டும். இரண்டு நாளும் கிரீஸ் சொன்னபடி அவரோடு ஒட்டிக்கொண்டே போனார்.

மூன்றாம் நாள் மாலை அவர் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். “டிவி கோடு ஒண்ணு சொன்னியே. காட்டு.”

மடிக்கணினியைத் திருப்பி வைத்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். முதலில் மேலோட்டமாக, பிறகு விரலை வைத்து, இயந்திர அறையில் வரைபடம் பார்ப்பதுபோல் பார்த்தார். இருபத்திரண்டிலிருந்து இருபத்தெட்டுக்கு ஏறிய படியில் விரல் நின்றது.

“இது எந்த மாசம்?”

சொன்னாள்.

“பழைய மில் கட்டிடத்துல சுவரைக் குடைஞ்சு லிஃப்ட் ஓடற தண்டவாளம் மாட்டினோமே, அப்போ. மூணு மாசம். காதுக்கு மூடி குடுத்தாங்க. நான் போட்டுக்கலை. மூடியைப் போட்டா எனக்கு மெஷின் கேக்காதுன்னு…” சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. “மத்ததெல்லாம் சீரா ஏறுது பாரு. இது கோளாறு இல்ல. தேய்மானம்.”

“தேய்மானம்னா என்ன செய்வீங்க?”

“என்ன செய்வோம்? தேய்ஞ்ச பேரிங்கை யாரும் திட்டறதில்ல. தேய்ஞ்சது தெரியாம கையெழுத்துப் போட்டவனைத்தான் திட்டுவோம்.”

அதைச் சொல்லி முடித்ததும் அவர் கை கோட்டின் மேலேயே நின்றுவிட்டது. திரையைப் பார்த்தபடியே கேட்டார்.

“கிரீஸ் உன்னைப் பாக்க வந்தானா?”

“வந்தாரு.”

“எத்தனை?”

“மூணு. மூணையும் அவரே சரி பண்ணிட்டாரு.”

அவர் தலையசைத்தார். அவளை விட்டு கிரீஸிடம் மூன்றின் விவரத்தையும் கேட்டு எழுதிக்கொண்டு, போனை எடுத்து மேலதிகாரியைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டார், அதுவும் கேட்காமல் அவளைப் பார்த்தார். மேலதிகாரி சொன்னதை அவள் ஒவ்வொரு வாக்கியமாக அவர் முகத்துக்கு நேராகத் திருப்பிச் சொன்னாள். எந்தெந்தக் கட்டிடம், எந்தத் தேதி என்று அவர் மறைக்காமல் சொன்னார். காதைப் பார்த்துக்கொண்டு வரும்வரை தன் கையெழுத்து மட்டும் போதாது, கிரீஸின் கையெழுத்தும் வேண்டும் என்றும் அவரே சொன்னார். அந்தப் பக்கம் நீண்ட மௌனம்.

“என்ன சொல்றாரு?” என்றார் கணவர்.

“இன்னும் ஒண்ணும் சொல்லல. எனக்கும்தான் கேக்கல.”

கடைசியில் மேலதிகாரி ஆறு வாரம் கொடுத்தார். அதற்குள் காது சரியென்று சான்றிதழோடு வந்தால் பழைய வேலை. வராவிட்டால் குடோன்.

காது பரிசோதிக்கும் பெண்ணிடம் சார்ஜர் அக்கா தன் கோட்டைக் காகிதத்தில் அச்சடித்து எடுத்துப்போனாள். அந்தப் பெண் கண்ணாடி அறைக்குள் அவரை உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொல்லி, தானும் ஒரு கோடு வரைந்தார். இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“எல்லாரும் புகாரோட வருவாங்க. இப்படி ஆதாரத்தோட யாரும் வந்ததில்ல” என்றார். “கீச்சுன்னு வர்ற மெல்லிய ஓசைகள்தான் போயிருக்கு. கருவி வச்சா நல்லாக் கேக்கும்.”

காதுக்குள் பொருந்தும் அச்சு எடுக்க ஊதாநிறப் பசையைச் செலுத்தி, ஐந்து நிமிடம் இறுகவிட்டார்கள். ஒரு வாரத்தில் கருவி வந்தது. வீட்டுக்கு வந்த அன்று மாலையே அது கீச்சிட்டது. வாயைத் திறந்தால் விசில். மென்றால் விசில்.

“இதுக்கு அந்தக் கெட்டிலே தேவலை” என்று கழற்றி மேசையில் போட்டார். அவர் முகத்தில் குடோன் தெரிந்தது.

அவள் அந்த அச்சைக் கையில் எடுத்தாள். விளக்கைப் பக்கத்தில் இழுத்து, பட்டறையில் போடும் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தொழில்நுட்பத்தின் உச்சம் என்று கருவி வந்த அட்டைப்பெட்டியின் மேல் எழுதியிருந்தது. அவள் பார்த்தது அதையல்ல, ஓரத்தை. ஒரு பக்கம் வளைவு இழுபட்டிருந்தது. அந்த இழுப்பை அவள் ஆயிரம் வாய் அச்சுகளில் பார்த்திருக்கிறாள்.

“அச்சு எடுக்கும்போது பேசினீங்களா?”

“யாரு?”

“நீங்கதான்.”

“அந்தப் பொண்ணு மாமனார் வீட்டு லிஃப்ட் அடிக்கடி நிக்குதாம். அதுக்கு விளக்கம் சொல்லிக்கிட்டு இருந்தேன்.”

“தாடை ஆடினா காதுக் குழியும் ஆடும். பசை ஆட்டத்தையும் சேர்த்துப் பிடிச்சிருக்கு. இடைவெளி வழியாச் சத்தம் வெளிய வந்து திரும்ப உள்ள போகுது. அதான் விசில். கருவி நல்லாத்தான் இருக்கு. உங்க வாய்தான் பிரச்சனை.”

அவர் அவளையே பார்த்தார். பிறகு சத்தமாகச் சிரித்தார். அச்சு காதில் இல்லாததால் விசிலில்லாத சிரிப்பு.

மறுபடி போனார்கள். இந்த முறை அவள் எதிரே உட்கார்ந்து உதட்டின் மேல் விரலை வைத்திருந்தாள். ஐந்து நிமிடம் அவர் வாயைத் திறக்கவில்லை. “இவ்வளவு நேரம் பேசாம இருந்ததுக்கும் ஒரு சான்றிதழ் குடுங்க” என்று அவள் அந்தப் பெண்ணிடம் கேட்டாள்.

புதிய அச்சு ஐந்தாவது வாரம் வந்தது. பொருந்தியது. மென்றார், கொட்டாவி விட்டார், அதட்டிப் பார்த்தார். விசில் இல்லை. அந்தப் பெண் மறுபடி சோதித்து, கருவியோடு காது சரி என்று சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். கருவிக்கு ஒரு செயலி உண்டு. எந்த ஓசையைக் கூட்டுவது, எதைக் குறைப்பது, எந்த இடத்தில் எப்படி என்று இருபது விதம். வழியிலேயே அவளுக்குக் கை துறுதுறுத்தது. வண்டியில் உட்கார்ந்ததும் தன் போனை எடுத்தாள்.

“கடவுச்சொல் என்ன வச்சீங்க?”

அவர் செயலியை ஏற்கெனவே தன் போனில் போட்டிருந்தார். போனைச் சட்டைப்பையில் வைத்து, பையின் பொத்தானையும் போட்டார்.

“என் காதுக்கு நான்தான் அட்மின்” என்றார்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இருபது விதம். ஒன்றைக்கூடத் தொடாமல் இருப்பது எவ்வளவு கடினம் என்று அவருக்குத் தெரியாது. ஒருவேளை தெரிந்திருக்கலாம். இரண்டு நிறுத்தம் தாண்டி அவரே, “காத்துச் சத்தம் ரொம்ப வருதே, அதை எப்படிக் குறைக்கறது?” என்று போனை நீட்டினார். அவள் வாங்கவில்லை. எங்கே தொட வேண்டும் என்று விரலால் காட்டினாள். அவர் தொட்டார்.

மறுநாள் அவர் ஆறே முக்காலுக்கு எழுந்தார். கருவியைப் போட்டதும், குளிர்சாதனப் பெட்டி ஏன் இப்படிச் சத்தம் போடுகிறது என்று கேட்டார். அது வாங்கியதிலிருந்து அப்படித்தான் என்று அவள் சொன்னாள். எட்டு மணிக்கு அவரும் கிரீஸும் ஆற்றங்கரையோரக் கட்டிடத்துக்குப் போனார்கள். அவர் பேரிங் சரி என்றும், ஏழாவது மாடிக் கதவின் சிறு சக்கரம் ஒன்று உரசுகிறது என்றும் எழுதினார். கிரீஸ் போய்ப் பார்த்தார். உரசியது. இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். சான்றிதழ் மதியம் மேலதிகாரிக்குப் போனது. அவர் அதைப் பெற்றுக்கொண்டதாக ஒரு வரியில் பதில் அனுப்பினார். சார்ஜர் அக்கா பட்டறையில் மேல்தாடை இரண்டும் கீழ்த்தாடை ஒன்றும் முடித்தாள். மாலையில் மணியடித்தது, குயில். அவர் எழுந்து போய்த் திறந்தார். எதிர்வீட்டம்மா மறுபடி ஏணி கேட்டு வந்திருந்தார். மகள் போன் செய்தாள். அவர் பதினாறு நிமிடம் பேசினார். துணி இயந்திரம் மூன்று முறை பீப் என்றது. அவர் துணிகளை எடுத்துப் பால்கனியில் உலர்த்தினார், செடிகளைப் பார்க்கும்படி போனைத் திருப்பி வைத்தார். டிவி பத்தொன்பதில் ஓடியது. பெட்டி குறித்துக்கொண்டது.